படகுக்காரன் கதையின் கடைசி ஏழு தாள்

அருளு,

ஏ ஷிப்ட் முடித்து நாலு மணிக்கு வருவாய். முகம் கழுவி, டீ குடித்து, ரெண்டு பிஸ்கட்டாவது தின்ற பிறகு இதைப் படி. வெறும் வயிற்றில் படிக்காதே. பசி இருந்தால் உனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எதிரில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். மூன்று நாளாக முயற்சி பண்ணினேன், நீ வந்து உட்கார்ந்ததும் "சட்னி போடட்டுமா" என்றுதான் வாயில் வருகிறது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுதுவது, தப்பு இருக்கும். உன் பெண் ஜெனி திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன், ஏனென்றால் இதில் இருப்பது அவளுக்கே இன்னும் தெரியாது. நீ படித்த பிறகு இன்னொரு நகல் எழுதி, நம் ஊர் நூலகத்தில் வாசகர்கள் எழுதி வைக்கிற நோட்டில் ஒட்டப் போகிறேன். பெண்ணை அனுப்பலாமா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்கிற அப்பன்மார் இந்த ஒரகடம் ரோட்டில் நீ ஒருத்தன் மட்டும் இல்லை.

சனிக்கிழமைக்குள் ஜெனி அந்தக் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். மண் தோண்டுகிற மிஷின் செய்கிற கம்பெனி. வடக்கே பனிமலையில் ரோடு போடுகிற இடத்தில் அவர்கள் மிஷின் நிற்கிறது, அது படுத்துக்கொண்டால் எழுப்பிவிட ஆள் வேண்டும். ரெண்டு வருஷம். தண்டலம் காலேஜில் இவளோடு மெக்கானிக்கல் முடித்தவர்களில் இவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்த சர்வீஸ் கூட்டத்தில் முதல் பெண் இவள்தானாம். இதை நான் பால் பூத்தில், ரேஷன் கடையில், கோயிலில் எல்லாம் சொல்லியாகிவிட்டது, மறைக்க மாட்டேன். இருபத்திரண்டு வயசுப் பெண், யாரையும் கேட்காமல் கிளம்பலாம். ஆனால் "அப்பா சரின்னு சொல்லாம போக மாட்டேன் ஆயா" என்கிறாள். நீ முடியாது என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ரெண்டு பேரும் ஒரே மேஜையில் ஒருத்தர் தட்டை ஒருத்தர் பார்க்காமல் சாப்பிடுகிறீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் எழுத வேண்டும். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தோம். நான் சிங்க் பக்கத்தில் சங்கரா மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். உன் பெண்டாட்டி செல்வி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நீ சட்டையைக் கூடக் கழற்றவில்லை.

"இன்னாடி அவசரம் உனக்கு? இங்கயே அசெம்பிளில எடுத்துக்கிறேன்னு சொல்றாங்கல்ல?"

"அசெம்பிளி இங்க எல்லாருக்கும் தெரியும்ப்பா. அங்க குளிர்ல ஆயில் கெட்டியாயிடும். அத எப்டி ஓட வக்கிறதுன்னு போனாத்தான் தெரியும்."

"குளிரா? ஃபிரிட்ஜ் தண்ணி குடிச்சா ரெண்டு நாள் தும்முற ஆளு நீ."

"அதுக்குத்தான் சுக்கு எடுத்துக்கினு போறேன். ஆயா இடிச்சித் தரேன்னு சொல்லிச்சி."

செல்வி சிரித்துவிட்டாள். உனக்கு அதில்தான் சுருக்கென்று ஏறியது. "சிரிக்காத" என்று அவளை அதட்டிவிட்டு ஜெனி பக்கம் திரும்பினாய். "எல்லாம் அந்த அட்டையில்லாத புக்கு படிச்சி வந்தது. அந்தப் படகுக்காரன் கதை தெரியும்ல உனக்கு? நானும் உன்ன மாதிரித்தான் இருந்தேன் ஒரு காலத்துல. போனான். இன்னா ஆனான்? ஆயாவக் கேளு. திரும்பி வந்தானா? கேளு!" என்று என் பக்கம் கையை நீட்டினாய். மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். நான் கையில் மீனோடு, இல்லை என்று தலையாட்டினேன். பிறகு குழாயைத் திறந்து விட்டுக்கொண்டேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கப்பா போன பிறகு நான் வேலைக்குப் போன பழைய பேப்பர் கோடவுன் உனக்கு ஞாபகம் இருக்கும். இன்றைக்குப் பெரிய லாரி ஷெட் நிற்கிற இடம். மெட்ராஸிலிருந்து லோடு வரும். பரீட்சைப் பேப்பர், ஆபீஸ் பைல், மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகை, புத்தகம். பொம்பளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பிரிப்போம். புத்தகம் கைக்கு வந்தால் முதல் வேலை அட்டையைக் கிழிப்பது. பளபளப்பு அட்டை ஒரு குவியல், உள்தாள் ஒரு குவியல், முதுகில் பசை ஒட்டின பட்டை ஒரு குவியல். பசை கலந்து போனால் மில்காரன் லோடையே திருப்பி அனுப்பிவிடுவான். கட்டைவிரலை முதுகில் ஊன்றி, அட்டையைப் பின்பக்கம் மடக்கி, ஒரே இழுப்பு. என் வலது கட்டைவிரல் நகம் வளைந்திருப்பது அதனால்தான். சின்ன வயசில் நீ அதைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாய்.

முதலாளி பாய் நல்ல மனுஷர். "அட்டைய மட்டும் போட்டுட்டு உள்ள இருக்கறத எடுத்துனு போம்மா" என்பார். அப்படித்தான் நம் வீட்டுக்குப் புத்தகம் வந்தது. எதற்கும் முகம் கிடையாது, பேர் கிடையாது, எழுதினவர் யார் என்று கிடையாது. சாக்குத் தைக்கிற ஊசியில் நூல் கோத்து ஓரத்தில் நாலு தையல் போட்டுக்கொள்வேன். சாப்பாட்டு நேரத்தில் கோடவுனிலேயே படிக்க ஆரம்பித்துவிடுவேன். ஒரு வரிக்கு விரல் வைத்து, உதடு அசைய. பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்கிற கன்னியம்மா விடமாட்டாள். "இன்னா அருளம்மா, படிச்சிக் கலெக்டரா ஆவப் போறியா? ஆனா மொதல்ல நம்ம கோடவுனுக்கு ஒரு ஃபேனு போடச் சொல்லி ஆர்டர் போடு" என்பாள். கேலி பண்ணுகிறவள்தான், ஆனால் ரெண்டு நாள் நான் கதை சொல்லாவிட்டால் "அந்தக் கழுதைக்காரி மலையத் தாண்டினாளா இல்லியா, சொல்லித் தொலை" என்று அவளே கேட்பாள்.

பேர் இல்லாததால் நாமே பேர் வைத்தோம். கோவேறு கழுதையில் தபால் மூட்டை ஏற்றிக்கொண்டு மலை மலையாகத் தாண்டின பெண்ணுக்குக் கழுதைக்காரி. பனியில் மாசக் கணக்கில் நடந்தவனுக்குப் பனிக்காரன். கயிறு கட்டிக் குகைக்குள் இறங்கி அதன் வழியைப் படமாக வரைந்த அண்ணன் தம்பிக்குக் குகைக்காரர்கள். லோடில் குடும்பக் கதை, சாமி கதை, சமையல் எல்லாம்தான் வந்தது. நான் இந்த மாதிரி வெளியே கிளம்பிப் போனவர்கள் கதையையே பொறுக்கி எடுத்து வந்தேன். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஐந்தாவது முடித்த அன்றைக்கு எங்கப்பா ஸ்லேட்டை வாங்கிப் பரண் மேல் போட்டதிலிருந்து ஆஸ்பத்திரி, கோயில், கழனி என்று மூன்று திசையில் மட்டுமே நடந்தவள் நான். நாலாவது திசை எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசையாக இருக்கலாம்.

அந்தப் புத்தகங்களில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது எது தெரியுமா? துணிச்சல்காரர்கள் என்றால் குதிப்பார்கள், தாவுவார்கள், புலியோடு சண்டை போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பனிக்காரன் புத்தகத்தில் பாதி, காலுறை காயப் போடுவதுதான். ஈரக் காலுறையோடு படுத்தால் விரல் போய்விடும் என்று தினமும் அதைக் கழற்றி, பிழிந்து, வயிற்றோடு வைத்துச் சூடு பண்ணிக் காயவைக்கிறான். கழுதைக்காரி எந்த ஊருக்குப் போனாலும் மூன்று பேரிடம் வழி கேட்பாள், ரெண்டு பேர் ஒரே பக்கம் கை காட்டினால்தான் அந்தப் பக்கம் போவாள். குகைக்காரர்கள் இறங்குகிற கயிற்றை முதல் நாளே முழம் முழமாகத் தடவிப் பார்ப்பார்கள். எல்லாம் நம் வீட்டு வேலை மாதிரி வேலை. வேறு இடத்தில் செய்கிறார்கள், அவ்வளவுதான். இது புரிந்த பிறகு எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தைரியம் வந்தது. நாற்பது வயசில் சைக்கிள் பழகினேன். கோடவுனில் பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தரச் சொல்லி பாய் முன்னால் போய் நின்றேன். மற்றவர்கள் பின்னால் நின்று என் முந்தானையை இழுத்தார்கள். பத்தே நாளில் கட்டிக் கொடுத்தார். கேட்காமல் இருந்ததுதான் தப்பு.

உனக்குப் பத்து வயசிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவற்றை வாசித்துக் காட்டினேன். நான் எழுத்துக் கூட்டுகிற வேகம் பத்தாமல் நீயே பிடுங்கிப் படிக்க ஆரம்பித்தாய். ஆக, உனக்குள் அந்த ஆசையைப் போட்டவளும் நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படி.

உனக்குப் பத்தொன்பது வயசு. ஐ.டி.ஐ. பிட்டர் முடித்து உட்கார்ந்திருந்தாய். அப்போதுதான் படகுக்காரன் வந்தான். ஒருத்தன் தன் கையால் படகு செய்து, பாய் தைத்து, தனியாளாகக் கடலில் போகிற கதை. நான் கோடவுனிலேயே முழுசாகப் படித்து முடித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுத்தேன். நீ ஒரு நாளைக்கு இருபது பக்கம், அதற்கு மேல் படித்தால் தீர்ந்துவிடும் என்று கணக்கு வைத்துப் படித்தாய். கட்டில் காலில் நைலான் கயிறு கட்டி அதில் வருகிற முடிச்செல்லாம் போட்டுப் பழகினாய். ஒரு முடிச்சை அவிழ்க்க முடியாமல் நான் கத்தி எடுத்தபோது, "அறுக்காதம்மா, இந்த முனைய இழு, தானா அவுரும். அதுக்குத்தான் அந்த முடிச்சு" என்று காட்டினாய். அதே வாரம் விசாகப்பட்டினத்திலிருந்து கடிதம் வந்தது. கப்பல் ரிப்பேர் பண்ணுகிற இடத்தில் ட்ரெய்னி. ஒன்றரை வருஷம் கழித்துத் தேறினவர்களைக் கப்பலிலேயே வேலைக்கு எடுப்பார்கள். நீ அந்தக் கடிதத்தைப் படகுக்காரன் புத்தகத்துக்குள்தான் வைத்திருந்தாய்.

உங்கப்பா போர்வெல் லாரியோடு போனவர். மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஊரில் காய்ச்சல் வந்து, நாலாம் நாள் செத்து, அங்கேயே புதைத்துவிட்டு லாரி டிரைவர் அவர் பையை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். உனக்கு அப்போது ஒன்பது. பையில் ரெண்டு லுங்கி, ஒரு ஜெபமாலை, உனக்கு வாங்கின ஒரு விசில். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை நான். அதற்கப்புறம் நீ ஒருத்தன். இதைச் சொல்வது என் தப்பைச் சின்னதாக்க இல்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

நீ கடைசிக்கு ஒரு முப்பது பக்கம் முன்னால் இருந்தாய். புயல் வந்து பாய் கிழிந்த இடம். நீ குளிக்கப் போன நேரத்தில் நான் புத்தகத்தை எடுத்து, கடைசி ஏழு தாளை எண்ணி, கட்டைவிரலை ஊன்றி ஒரே இழுப்பில் இழுத்தேன். தொழில் பழக்கம், சத்தமே வரவில்லை. மறுநாள் நீ கேட்டாய்:

"கடைசிப் பக்கம் எங்கம்மா?"

"லோடுல வரும்போதே இல்லடா."

"ஐயோ. அப்ப அவன் இன்னா ஆனான்?"

"கோடவுன் கணக்கப்பிள்ளை வேற ஒரு புக்குல படிச்சிகீறாராம். புயல்லயே போயிட்டானாம். பொணங்கூடக் கெடைக்கல. அவங்கம்மா கரையிலயே நின்னு நின்னு ரெண்டு கண்ணும் போச்சாம்."

கணக்கப்பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தக் கண் போன அம்மாவும் நான் சேர்த்தது. புத்தகத்தில் அவன் அம்மா ரெண்டே வரி வருவாள். ரொட்டி சுட்டு விற்கிறவள், மகனை வழியனுப்பக்கூட வராமல் அடுப்பில் ரொட்டி கருகுகிறதே என்று உள்ளே போய்விடுவாள். நீ ரெண்டு நாள் கழித்து விசாகப்பட்டினம் கடிதத்தை நாலாக மடித்து அடுப்பு மேடையில் வைத்து, "நான் போவலம்மா. புதுசா வந்த கார் கம்பெனில கான்ட்ராக்ட்ல ஆளெடுக்கிறாங்க" என்றாய். நான் அன்றைக்கு ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். நீ நாலு வாய் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டாய். கட்டில் கால் கயிற்றை நீயே அவிழ்த்துவிட்டாய். முனையைப் பிடித்து ஒரே இழுப்பு, தானாக அவிழ்ந்தது.

உன் வாழ்க்கை கெட்டுவிட்டது என்று சொல்ல வரவில்லை. கான்ட்ராக்டில் நுழைந்து, நிரந்தரமாகி, லைன் சூப்பர்வைசர் ஆனாய். மறைமலை நகரிலிருந்தெல்லாம் ஆள் வந்து உன்னிடம் வேலை பழகிப் போகிறார்கள். நீ போயிருந்தால் செல்வி வந்திருக்க மாட்டாள், ஜெனி பிறந்திருக்க மாட்டாள். அது எனக்கும் தெரியும். ஆனால் அதைக் காட்டி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். நீ வேண்டாம் என்று முடிவெடுத்து நின்றிருந்தால் அது வேறு. நீ முடிவெடுக்கவில்லை, நான் எடுத்தேன், நீ எடுத்ததாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜெனி ரெண்டாவது படிக்கும்போது நான் ஒன்பது நாள் வேளாங்கண்ணி போனேனே, கோயில் கூட்டத்தோடு பஸ்ஸில்? நான் வேளாங்கண்ணி போகவில்லை. சென்ட்ரலில் தனியாக ரயில் ஏறி உங்கப்பாவைப் புதைத்த ஊருக்குப் போனேன். லாரி டிரைவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு ஒன்று, கட்டுச்சோறு, ரெண்டு புடவை. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. கழுதைக்காரி மாதிரி மூன்று மூன்று பேரிடம் சீட்டை நீட்டினேன். ரெண்டு பேர் ஒரே பக்கம் கை காட்டினால் நடந்தேன். ஒரு தடவை மூன்று பேரும் மூன்று பக்கம் காட்டினார்கள், நாலாவதாக ஒரு போலீஸ்காரம்மாவிடம் கேட்டேன். ஊர் வந்தது. புதைத்த இடம் இன்றைக்குக் கடலைச் செடி போட்ட நிலம். ஒரு பெரியவர் "இந்தப் பக்கம்" என்று கையை வீசிக் காட்டினார். நான் அந்தப் பக்கம் பார்த்து முட்டி போட்டு ஜெபம் சொன்னேன். அப்பால அவரே கூட்டிக்கொண்டு போய் ஒரு கை பம்பைக் காட்டினார். உங்கப்பா லாரி போட்ட போர் என்று ஜாடையில் புரியவைத்தார். அவர் கடைசியாக வேலை செய்தது. பொம்பளைகள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள், எனக்கு வழி விட்டார்கள். அடித்துக் குடித்தேன். கொஞ்சம் உப்பு, ஆனால் சில்லென்று இருந்தது. அவர் ஒன்றுமில்லாமல் போகவில்லை என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். வேளாங்கண்ணி எண்ணெய் என்று உனக்குக் கொடுத்தது சென்ட்ரல் வாசலில் வாங்கின தேங்காய் எண்ணெய். ஜெனிக்குக் காய்ச்சல் வந்தபோது நீ அதை நெற்றியில் தடவினாய், காய்ச்சலும் இறங்கிவிட்டது, அதனால் சொல்லாமல் விட்டேன். உன்னைப் போகாதே என்று நிறுத்தினவள் தான் மட்டும் போய் வந்தாள் பார். அந்த ரயிலில் திரும்பி வரும்போதே உன்னிடம் எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஸ்டேஷனில் இறங்கியதும் தைரியம் போய்விட்டது. அப்புறம் ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "இத எங்கிட்ட சொன்னா போதாதும்மா, உங்க மகன்கிட்ட சொல்லுங்க" என்றார் பாதர். அவர் மாற்றலாகிப் போகிறவரைக்கும் நான் பிள்ளைப்பாக்கம் பக்கத்துக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முட்டி வலிக்கு அந்தப் படி வசதி என்று உன்னிடம் சொன்னேன்.

ரெண்டு மாசம் முன்னால் உங்கள் கம்பெனிப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாயே, வேண்டாத சாமானுக்கெல்லாம் சிவப்பு அட்டை கட்டி, ஒரு வாரத்தில் யாரும் கேட்காவிட்டால் வெளியே போடுவது. உடைந்த குடைக்குக் கட்டினாய், பழைய மிக்ஸிக்குக் கட்டினாய். செல்வி ஒரு அட்டையை உன் முதுகில் ஒட்டிவிட்டாள், நீ அதோடே பால் வாங்கப் போய் வந்தாய். என் அட்டையில்லாத புத்தகப் பெட்டிக்கும் ஒன்று கட்டினாய். கடைசியாக உபயோகித்த நாள் என்ற இடத்தில் "தெரியாது" என்று எழுதியிருந்தாய். ஜெனி அதை அடித்து "நேத்து" என்று எழுதினாள். அன்றைக்கு நீ வீட்டில் இடம் மாற்றாமல் விட்டது மாதா படம் ஒன்றுதான். கண்ணாடியைத் துடைத்து, ஆணியை இறுக்கி, அப்படியே மாட்டினாய். நீ மாட்டி முடிக்கிறவரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஜெனி புத்தகம் படித்துத் திமிர் பிடித்து ஆடுகிறாள் என்கிறாய். அவள் மேஜைக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாளே, அதை நீ படித்தாயா? கொண்டுபோகிற சாமான் பட்டியல். முதல் வரி, காலுறை எட்டு ஜோடி. அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு இவள் போய் வந்துவிடுவாள் என்று தோன்றியது. துள்ளுகிறவள் என்றால் கேமரா என்றுதான் முதல் வரி எழுதியிருப்பாள். கீழே, மூச்சு முட்டினால் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி நேரம் இறங்க வேண்டும் என்று போட்டிருக்கிறாள். அங்கே போய் வந்த ஒருத்தரிடம் போனில் கேட்டு எழுதினது. ரெண்டு மூன்று கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.

நான் கடிதம் எழுதிவிட்டேன் என்பதற்காக நீ சரி என்று சொல்ல வேண்டாம். அது இன்னொரு தடவை நானே முடிவெடுத்த மாதிரி ஆகிவிடும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவளை எதிரில் உட்கார வை. லைனில் புது மிஷின் வந்தால் துருவித் துருவிக் கேட்பாயே, அப்படிக் கேள். பொம்பளைப் பிள்ளைக்குத் தங்க எங்கே இடம், பாத்ரூம் எப்படி, பொறுப்பாளர் யார், நடுவில் லீவு உண்டா, உடம்புக்கு முடியவில்லை என்றால் யார் கீழே கொண்டுவருவது. அந்தக் கேள்விக்குறிக்கெல்லாம் கம்பெனியிடம் நீயே போன் போட்டுப் பதில் வாங்கு. பதில் சரியில்லை என்றால் வேண்டாம் என்று சொல். நானும் உன் பக்கம் நிற்கிறேன், அவள் என்னோடு சண்டை போடட்டும். பயமாக இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது என்றே சொல். அதில் வெட்கம் இல்லை, நான் அப்படிச் சொல்லாமல்தான் தாளைக் கிழித்தேன். படகுக்காரன் செத்துப்போனான் என்று மட்டும் சொல்லாதே.

மாதா படத்தைக் கீழே இறக்கு. கண்ணாடி பழசு, மெதுவாக. பின் பலகையில் நாலு திருகாணி இருக்கும், ஸ்க்ரூ டிரைவரை இந்தக் கடிதத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். பலகைக்கும் படத்துக்கும் நடுவில் ஏழு தாளும் இருக்கிறது. எரிக்க எனக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷம் அதன் முன்னால்தான் மெழுகுவர்த்தி ஏற்றி நாம் ஜெபமாலை சொன்னோம்.

நீயே படிப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். புயல் விட்டதும் பேர் தெரியாத ஒரு கரையில் அவன் படகு ஒதுங்குகிறது. அந்த ஊர்க்காரர்கள் கஞ்சி கொடுக்கிறார்கள். ஒரு வாரம் தூங்குகிறான். வீட்டுக்குப் போகிற கப்பல் ஒன்று நிற்கிறது, ஏற்றிவிடுகிறோம் என்கிறார்கள். அவன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி அந்தக் கப்பலில் கொடுத்துவிட்டு, தார் எங்கே கிடைக்கும், ஆணி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போகிறான். கிழிந்த பாயை மடியில் போட்டுத் தைக்கிறான். அதோடு கதை முடிகிறது. அவன் செத்துப்போயிருந்தால் நான் அந்தத் தாளைக் கிழித்திருக்கவே மாட்டேன் அருளு. உயிரோடு இருந்தான், மறுபடியும் கிளம்பினான். அதை நீ படித்துவிடக் கூடாது என்றுதான் கிழித்தேன்.

புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் சாக்கு ஊசி இருக்கிறது. இப்போது எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, நூல் கோக்க நாலு தடவை ஆயிற்று, ஆனால் கோத்துவிட்டேன். ஏழு தாளையும் வரிசை பார்த்து அடுக்கி, நீயே தைத்து, ஜெனியிடம் கொடு. அவள் இன்றைக்கு ஆறு மணிக்கு வருவாள்.

அம்மா